சிட்டையில் இல்லாத வைரம்

மகளின் திருமணத்துக்காக வாங்கிய தோட்டின் சிட்டை இன்னமும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. கடையின் பெயர் அச்சடிக்கப்பட்ட அந்தச் சிறிய தாளில் மே மாதம் 20ஆம் திகதி என்றும், அதன் கீழே “கல்லுத்தோடு 1 சோடி, 22 கரட், 3.100 கிராம்” என்றும், வலது ஓரத்தில் 580,000 ரூபா என்றும் நீல மையால் எழுதப்பட்டிருக்கிறது. வைரம் என்ற சொல் அந்தத் தாளின் முன்பக்கத்திலும் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை. நாங்கள் கடைக்குள் இருந்த ஒன்றரை மணித்தியாலத்தில் முதலாளி அந்தச் சொல்லை எத்தனை தடவை சொன்னார் என்று பின்னர் யோசித்துப் பார்த்தேன், முப்பதுக்குக் குறையாது.

நான் முப்பத்தொரு வருடம் இரசாயனவியல் படிப்பித்தவள். வைரமும் பென்சிற்கரியும் ஒரே மூலகத்தின் இரண்டு வடிவங்கள் என்றும், ஒவ்வொரு காபன் அணுவும் வேறு நான்கு காபன் அணுக்களுடன் பிணைந்து நிற்பதாலேயே வைரத்துக்கு அந்தக் கடினம் வந்தது என்றும் கரும்பலகையில் படம் கீறிக் காட்டியதற்குக் கணக்கில்லை. அப்படிப்பட்ட எனக்கு வைரம் என்று சொல்லி விற்கப்பட்டது சிலிக்கன் காபைட்டு. சாணைக்கல்லில் அரைத்துப் போடுகிறார்களே, அதே சேர்வைதான், பளிங்காக வளர்த்துப் பட்டை தீட்டப்பட்டிருந்தது. இதை எழுதுவதற்கு இத்தனை மாதம் பிந்தியதற்கு வெட்கம்தான் காரணம்.

வைரத்தோடுதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. அம்மாவிடம் ஒரு சோடி வைரத்தோடு இருந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் முடிவில், போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது, அவர் அதைக் காதிலே போட்டபடி செம்மணி வெளியைக் கடந்தார். பின்னர் வன்னியில் அரிசிக்காக அதை விற்கவேண்டி வந்த நாளில், வாங்கியவர் கற்களைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பொன்னை மாத்திரம் நிறுத்துக் காசு கொடுத்தார். “கல்லுக்குக் காசில்லை” என்று அந்த மனிதர் சொன்னதை அம்மா சாகும் வரைக்கும் மறக்கவில்லை. அந்தத் தோட்டைப் போல ஒன்றைப் பேத்திக்குச் செய்து போடவேண்டும் என்று ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி காசு அனுப்பினான்.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகளுக்குக் குறைவில்லை. நான் இந்தக் கடையைத் தெரிவு செய்ததற்கு அந்த முதலாளியின் மகன் என்னிடம் படித்தவன் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. தெரிந்த இடம் என்று நாங்கள் சொல்வோம். தெரிந்த இடத்தில் விலை குறைத்துக் கேட்பது கூச்சம், எழுதித் தரச் சொல்வது அதைவிடக் கூச்சம். தெரியாத கடைக்குப் போயிருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். இங்கே குளிர்பானம் வந்தது, மகன் இப்போது எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான் என்ற பேச்சு வந்தது, கேள்விகள் வரவில்லை. ஒவ்வொரு கல்லும் அரைக் கரட், இரண்டும் சேர்த்து ஒரு கரட், நிறமும் சுத்தமும் மேல்தரம் என்றார். சான்றிதழ் இல்லையா என்று ஒரு தடவை கேட்டேன். கடையின் பெயரும் ஒரு மயிலின் படமும் போட்ட, பளபளப்பான உறை ஒட்டிய சின்ன அட்டை ஒன்றை எடுத்துத் தந்தார். கல்லைச் சோதிக்கும் நிறுவனத்தின் பெயரோ அறிக்கை இலக்கமோ அதில் இல்லை என்பதைக் கவனிக்கிற நிலையில் நான் இருக்கவில்லை.

கரட் என்ற ஒரு சொல்லை நாங்கள் மூன்று பொருளில் பாவிக்கிறோம். எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் அது மரக்கறி. பொன்னில் அது தரம். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். கல்லில் அது எடை. ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம், ஒரு கிராமின் ஐந்திலொரு பங்கு. சிட்டையை வாங்கிப் பார்த்தபோது அதில் “கரட்” என்று இருந்தது என் கண்ணில் பட்டது, மனம் ஆறிவிட்டது. அது பொன்னின் கரட். கல்லின் கரட் எழுதப்படவேயில்லை. அந்த மனிதர் பொய்யை வாயால் மட்டும் சொன்னார். கையால் எழுதியதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. தோட்டில் கல் இருந்தது உண்மை, அது ஒரு சோடி என்பதும் உண்மை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். புறப்படும் முன் அவர் மேசையின் கீழிருந்து பேனையைப் போன்ற ஒரு கருவியை எடுத்து, அதன் ஊசி முனையைக் கல்லின் மேல் வைத்தார். சிறிய விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையிலிருந்து சிவப்புக்கு ஏறி, கருவி கீச்சென்று கத்தியது. பிறகு அதே முனையைத் தன் மோதிரத்தில் இருந்த வெள்ளைக் கல்லில் வைத்தார், சத்தம் இல்லை. “பாத்தீங்களே ரீச்சர், மெசின் பொய் சொல்லாது” என்றார். மெசின் பொய் சொல்லவில்லை. அது கல்லின் பெயரைச் சொல்லும் கருவி அன்று, கல் வெப்பத்தை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதை மாத்திரம் அளக்கும் கருவி. வைரம் செப்பைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கண்ணாடியும், வைரத்துக்குப் பதிலாகப் பதிக்கும் சேர்க்கோனியாக் கல்லும் அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் மொய்சனைற் என்று அழைக்கப்படும் சிலிக்கன் காபைட்டுக் கல்லும் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால், இந்தக் கருவி அதற்கும் கத்தும். மின்னைக் கடத்துகிறதா என்று பார்க்கும் வேறொரு வகைக் கருவியால்தான் பெரும்பாலும் இரண்டையும் பிரிக்கலாம். இதெல்லாம் எனக்கு மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது. அந்த நேரத்தில் வெப்பக் கடத்தல் என்று மனதுக்குள் பாடம் நடத்திக்கொண்டு, திருப்தியோடு காசை எண்ணிக் கொடுத்தேன்.

திருமணம் நடந்தது. தோடு நன்றாகத்தான் மின்னியது. உண்மையில் அளவுக்கு மிஞ்சி மின்னியது. வீடியோ எடுத்தவர்களின் விளக்கு பட்டபோதெல்லாம் மகளின் காதில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக வானவில் தெறித்ததைப் பார்த்து, வந்த சனமெல்லாம் வாய் பிளந்தது. அந்த வானவில்லே மொய்சனைற்றின் அடையாளம் என்பதையும் பிறகு அறிந்தேன். ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் தன்மை அதற்கு வைரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

நல்லூரில் கொடியேறி ஐந்தாம் நாள், மகள் கோயிலுக்குப் போட்டுவந்த தோட்டில் ஒரு கல் ஆடுகிறது என்று கழற்றித் தந்தாள். கடைக்குக் கொண்டுபோக நேரமில்லாமல், வண்ணார்பண்ணையில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக நகை செய்யும் பத்தரிடம் கொண்டுபோனேன். அவருக்கு எண்பது வயதுக்குக் கிட்ட. கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்குக் கண்ணாடியை மாட்டி, சாமணத்தால் தோட்டைப் பிடித்து, யன்னல் பக்கம் திரும்பினார். நேரே பார்த்தார், பிறகு கொஞ்சம் சரித்துப் பார்த்தார், மறுபடியும் சரித்தார். ஒன்றும் பேசாமல் கண்ணாடியை என்னிடம் தந்தார்.

“பிள்ளை, உள்ளுக்கை கோடுகளை எண்ணிப் பார்.”

கல்லின் மேற்பரப்பினூடாக ஆழத்தில் பின்புறப் பட்டைகள் சந்திக்கும் விளிம்புகள் தெரிந்தன. ஒவ்வொரு விளிம்பும் இரண்டாகத் தெரிந்தது. கண் கலங்கியதால் இருக்கலாம் என்று துடைத்துவிட்டுப் பார்த்தேன்; அப்போதும் மயிரிழை இடைவெளியில், தண்டவாளம் மாதிரி, இரண்டிரண்டு கோடுகள். வைரத்துக்குள் போகும் ஒளி இரண்டாகப் பிரிவதில்லை, ஆகவே அதன் கோடு ஒற்றையாகத்தான் தெரியும். மொய்சனைற்றுக்குள் போகும் ஒளி இரண்டாகப் பிரியும். இரட்டை முறிவு என்ற தலைப்பை நான் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியவள், அன்றுதான் முதன்முதலில் கண்ணால் கண்டேன்.

பத்தர் அந்தக் கல்லை இறுக்க மறுத்துவிட்டார். முதலில் கோபம் வந்தது, பிறகு அவருடைய புத்தி விளங்கியது. தான் கை வைத்தால், கடைக்காரன் வெளியிலே கல்லை மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல இடம் கிடைக்கும் என்றார். கல்லைப் பிடித்திருக்கும் பொன் நகங்கள் தொடப்படாமல் இருக்கவேண்டும், அதுவே உனக்குச் சாட்சி என்றார். நகையைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகளில் இதைவிடப் பெறுமதியானது வேறில்லை. கல்லில் மூச்சை ஊதிப் பார், பத்திரிகை எழுத்தின் மேல் வைத்துப் பார் என்றெல்லாம் வட்ஸ்அப்பில் சுற்றும் சோதனைகளை அன்று இரவு உறவினர்கள் வரிசையாக அனுப்பினார்கள். மூச்சின் ஈரம் வைரத்தில் உடனே மறையும் என்பது மெய்தான். மொய்சனைற்றிலும் அப்படியே மறையும்.

இந்தக் கல்லுக்கு வைக்கப்பட்டிருப்பது ஹென்றி மொய்சன் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளரின் பெயர். 1893இல் அரிசோனாவில் விண்கல் விழுந்த இடத்தில் எடுத்த துணிக்கைகளில் இதைக் கண்டு, அவரே முதலில் வைரம் என்று எண்ணி ஏமாந்தார் என்று வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவர் நோபல் பரிசு பெற்றவர். இயற்கையில் இது மிகமிக அரிது. இன்று கடைகளில் இருப்பதெல்லாம் ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்டவை. அழகான கல், கடினத்திலும் வைரத்துக்குக் கிட்டத்தான் வரும், மலிவான விலைக்கு மொய்சனைற் என்று சொல்லி விற்றால் யாருக்கும் முறைப்பாடு இருக்காது. குற்றம் கல்லில் இல்லை.

மறுநாளே கடைக்குப் போனேன். முதலாளி சிரித்தபடி வரவேற்றார், நான் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு மாறாமலே சிட்டையைக் கொண்டுவந்தேனா என்று கேட்டார். கொடுத்தேன். அதை மேசையில் விரித்து, “கல்லுத்தோடு” என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். “இதிலை எங்கை ரீச்சர் வைரம் எண்டு கிடக்கு?” அதன் பிறகு, பத்தர் சொன்னபடியே, வெளியில் யாரோ கல்லை மாற்றியிருக்கலாம் என்றார். கடைசியாக, பழகிய குடும்பம் என்பதால் தோட்டைத் திருப்பி எடுத்து, சேதாரமும் செய்கூலியும் கழித்து, பொன்னுக்குரிய காசைத் தரலாம் என்று பெரிய மனதோடு சொன்னார். அம்மாவின் தோட்டை வாங்கிய மனிதர் முப்பது வருடத்துக்கு முன் சொன்னதை இவர் வேறு சொற்களில் சொன்னார், அவ்வளவுதான்.

வீட்டில் இரண்டு நாள் நித்திரை இல்லை. மகளின் மாமியார் வீட்டுக்குத் தெரிந்தால் பொய்த் தோடு போட்டுப் பெண்ணைத் தந்தார்கள் என்று கதை வரும், ஆகவே பேசாமல் விடுவோம் என்று என் கணவர் சொன்னார். தம்பியும் தொலைபேசியில் “விடுங்கோ அக்கா, காசு போனால் போகட்டும்” என்றான். யாழ்ப்பாணத்தில் நகை விற்கும் ஒருவர் ஏமாற்ற நினைத்தால், கருவியைவிட, மயில் அட்டையைவிட, அவருக்கு உதவுவது இந்தப் பயம்தான். திருமணத்துக்கு வாங்கிய நகையைப் பற்றி யாரும் வெளியில் வாய் திறக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் வாய் திறக்க மனம் வந்திருக்காது, அந்த விரல் மட்டும் சிட்டையின் மேல் வைக்கப்படாமல் இருந்திருந்தால்.

மகளே மாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்த அம்மா ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, தனக்கும் ஒரு பதக்கத்தைப் பற்றி நெடுநாள் சந்தேகம் உண்டு என்று தன் அலுமாரியைத் திறந்தாராம்.

கொழும்பில் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடம் இருக்கிறது. இரவுப் பேருந்தில் தோட்டைக் கைப்பைக்குள் வைத்து, பையைச் சேலைக்குள் வைத்து, விடிய விடிய விழித்திருந்து போனேன். கல்லைக் கழற்றாமலே சோதித்தார்கள். இரண்டும் செயற்கை மொய்சனைற் என்று அறிக்கை வந்தது. அந்தத் தாளை வாங்கி வாசித்தபோது ஒரு விதமான மகிழ்ச்சிகூட வந்தது. மூன்று மாதத்தில் அந்தக் கல்லின் உண்மைப் பெயரை எழுத்தில் கண்டது அதுவே முதல் தடவை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், வாங்கிய பொருளைப் பற்றிய முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். எனக்கு மிஞ்சியிருந்தது ஒரு கிழமை. வாங்குபவரை மயக்கும் விதத்தில் வியாபாரி நடந்துகொள்வதை இந்தச் சட்டம் தடுக்கிறது. விசாரணையின் பின் நட்ட ஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ அதிகார சபை கட்டளையிட முடியும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியதும் வியாபாரியின் கடமை. ஆனால் பற்றுச்சீட்டில் என்ன சொல் எழுதப்படுகிறது என்பதை வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. என் நிலையில் சிட்டை எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது. வைரம் என்று விற்றார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று யோசித்து யோசித்து, மகளையும் என்னையும் தவிர வேறு சாட்சி இல்லை என்று கலங்கியிருந்தேன்.

ஆதாரம் ரொறன்ரோவில் கிடந்தது. காசு அனுப்புவதற்கு முன் தம்பி அந்த முதலாளியின் வட்ஸ்அப் இலக்கத்துக்குத் தோட்டின் படத்தைப் போட்டு விலை கேட்டிருக்கிறான். அவர் தட்டச்சுச் செய்யச் சோம்பலில் குரற்பதிவாகப் பதில் அனுப்பியிருக்கிறார். ஐம்பது விநாடிப் பதிவு. அதில் கடைக்குள் ஓடும் மின்விசிறியின் இரைச்சலுக்கு நடுவே, ரெண்டும் சேத்து ஒரு கரட் வரும் தம்பி, நல்ல வைரம், பயப்படாமல் எடுக்கலாம் என்று அவருடைய குரல் தெளிவாகக் கேட்டது. தம்பி அதை அழிக்காமல் வைத்திருந்தது சோம்பலினால்தான் என்று அவனே ஒப்புக்கொண்டான். இரண்டு சோம்பேறிகளால் எனக்கு ஒரு வழி பிறந்தது.

முறைப்பாட்டைக் கையாலே எழுதி, சிட்டையின் பிரதி, ஆய்வுகூட அறிக்கையின் பிரதி எல்லாம் வைத்து, மாவட்டச் செயலகமான கச்சேரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த உத்தியோகத்தர் குரற்பதிவை இரண்டு தடவை கேட்டார். விசாரணைக்கு இரு பகுதியாருக்கும் நாள் குறித்துக் கடிதம் போனது. அந்த நாள் வருவதற்கு முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், முதலாளி தன் மகனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்தப் பிள்ளை கதிரையில் இருக்கவில்லை. விறாந்தைத் தூணோடு நின்று நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை ஏன் கூட்டிவந்தீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. தன் மகனின் வெட்கத்தையும் ஒரு பேரம் பேசும் பொருளாக எடுத்துவந்திருக்கிறார் என்று விளங்கியதும் என் மனம் இன்னும் இறுகியது. கல்லைத் தனக்கு விற்றவனே தன்னை ஏமாற்றிவிட்டான் என்றார். இருக்கலாம். அப்படியானால் சிட்டையில் வைரம் என்று எழுதக் கை ஏன் கூசியது என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

செய்கூலி கழிக்கவேண்டும் என்றார், முடியாது என்றேன். ஒரே தடவையில் தர வசதியில்லை என்றார், அதற்கு ஒத்துக்கொண்டேன். இரண்டு தவணை தலா இரண்டு இலட்சம், கடைசித் தவணை 180,000 ரூபா. முழுப் பணமும் கைக்கு வரும்வரை தோட்டையும் தரமாட்டேன், முறைப்பாட்டையும் திரும்பப் பெறமாட்டேன் என்று சொன்னேன். விசாரணையை முழுதாக நடத்தி அந்தக் கடையை வெளியில் காட்டியிருக்கவேண்டும் என்று என் சிநேகிதிகள் சிலர் இப்போதும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். கடை திறந்துதான் இருக்கிறது, கண்ணாடிக்குள் தோடுகள் மின்னிக்கொண்டுதான் இருக்கின்றன, அந்த வீதியால் போகும்போது நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன்.

இடையில் அதே வீதியிலுள்ள இன்னொரு கடைக்குப் போனேன், வாங்குவதற்காக அல்ல, கேட்பதற்காக. அந்த வயதான முதலாளி தன் சிட்டைப் புத்தகத்தைத் திறந்து ஒரு பிரதியைக் காட்டினார். பொன்னின் எடை ஒரு வரியில், கல்லின் எடை வேறொரு வரியில் கரட் கணக்கில், இயற்கை வைரம் என்று முழுச் சொல்லாக, நிறம், தெளிவு, கல்லோடு வந்த அறிக்கையின் இலக்கம், செய்கூலி தனியாக, திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பதும் கீழே. இயற்கை என்ற சொல் ஏன் என்று கேட்டேன். இப்போது ஆய்வுகூடத்தில் வளர்க்கும் வைரமும் வருகிறது, அதுவும் மெய்யான வைரம்தான், ஆனால் விலை வேறு, ஆகவே அந்த ஒரு சொல்லுக்கும் காசு இருக்கிறது என்றார். பெரிய ஆய்வுகூடங்கள் கொடுக்கும் அறிக்கையின் இலக்கத்தை அவர்களுடைய இணையத்தளத்திலேயே போட்டுப் பார்க்கலாம் என்றும், சில கற்களின் இடுப்பு விளிம்பில் அந்த இலக்கம் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும் என்றும் சொல்லி, ஒரு கல்லைக் கண்ணாடியில் காட்டினார். எறும்பின் கால் தடம் போல வரிசையாக இலக்கங்கள். உள்ளே கோடுகள் ஒற்றையாக இருந்தன, எண்ணித்தான் பார்த்தேன்.

கடைசித் தவணையை, தோட்டை விற்ற அந்த முதலாளி கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் கொண்டுவந்தார். தனியாகத்தான் வந்தார். காசை எண்ணி வைத்துவிட்டு, தோட்டைப் பெட்டியோடு வாங்கி, கல் இரண்டும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, முழுப் பணமும் பெற்றதாக ஒரு பற்றுச்சீட்டு எழுதித் தரும்படி கேட்டார். நியாயமான கேள்வி. வெள்ளைத் தாள் எடுத்து, மே மாதம் 20ஆம் திகதி வைரம் என்று எனக்கு விற்கப்பட்ட மொய்சனைற் தோடு ஒரு சோடியைத் திருப்பிக் கொடுத்து, அதன் முழு விலையான 580,000 ரூபாவையும் மூன்று தவணைகளில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, கையொப்பம் வைத்து நீட்டினேன்.

அவர் அதை இரண்டு தடவை வாசித்தார்.

“ரீச்சர், இதிலை கல்லுத்தோடு எண்டு மட்டும் போட்டுத் தாங்கோவன்.”

நான் பேனையை மூடி வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் தாளைக் கையில் வைத்திருந்துவிட்டு, மடிக்காமல் மேசையிலேயே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அந்தப் பற்றுச்சீட்டும் இப்போது லாச்சிக்குள்ளே, சிட்டைக்கு மேலே கிடக்கிறது.